பழைய பிஎச்.டி. கைடு (ஆய்வு வழிகாட்டி) என் பெயரைக் கெடுக்கிறார், என்ன செய்யலாம்?

கேள்வி (கடற்புல்):
வணக்கம். 2022-ல் எனக்கு பிஎச்.டி. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. பாக் விரிகுடா கடற்புல்தான் ஆய்வு. 18 மாதம், மாதம் இரண்டு தடவை தொண்டியில் விடியுமுன் நாட்டுப்படகு ஏறி, இடுப்பளவு தண்ணீரில் நின்று மாதிரி எடுத்தவள் நான்.

போன மாதம் ஒரு உதவிபெறும் கல்லூரியில் நேர்காணல் நன்றாகவே போனது. வெளியே வந்ததும் குழுவில் இருந்த மேடம் படிக்கட்டு ஓரமாகக் கூப்பிட்டு, "உன் கைடுகிட்ட போன்ல விசாரிச்சாங்கம்மா. டேட்டா முழுக்க ஜூனியர் பையனோடது, நீ எழுதி மட்டும் வாங்கிட்டேன்னு சொன்னாராம்" என்றார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு முன் இரண்டு இடத்தில் காரணமே சொல்லாமல் கைவிட்டதும் அப்போதுதான் புரிந்தது.

அவருக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். லேப் பக்கமே வராத அவருடைய உறவினர் பெயரை என் கட்டுரையில் சேர்க்கச் சொன்னார், மறுத்துவிட்டேன். "இனி நீ எங்க வேலைக்குப் போறேன்னு பாக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அம்மா, "குருவைப் பகைச்சுக்காதே, போய் மன்னிப்புக் கேளு" என்கிறாள். கணவர் வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
அம்மா, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் அதையே ஒப்புதல் என்று ஊரெல்லாம் சொல்லுவார். தனியாகப் போய்ப் பேசவும் வேண்டாம்.

உங்கள் ஆய்வேட்டைக் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படித்து அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டோரல் கமிட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டக் குறிப்பில் எல்லாம் அவர் கையெழுத்து இருக்கும். நகல் கையில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பயோடேட்டாவில் பரிந்துரைப்பவராக கமிட்டியில் இருந்த ஒருவரைப் போடுங்கள். லேப் நோட்டுகள் யாரிடம் இருக்கின்றன?

பதில் (மதுரை வழக்கறிஞர்):
சகோதரி, இது அவதூறுதான். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-வது பிரிவில் இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு, வாயால் சொன்னதும் அதில் அடங்கும். ஆனால் போனில் பேசியதற்கு யார் சாட்சி? அந்த மேடம் உங்களுக்கு உதவியவர், கூண்டில் ஏற்றி அவரைச் சிக்க வைக்க வேண்டுமா? கேட்டார்கள், நல்லெண்ணத்தில் சொன்னேன் என்று உங்கள் கைடும் வாதாடுவார். முதலில் ஆவணங்களைச் சேருங்கள், பிறகு பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுத்தில் புகார். நோட்டீஸ் அதற்குப் பின்னால் பார்க்கலாம்.

பதில் (திருச்சி ஸ்காலர்):
அக்கா, எனக்கும் இதே கதைதான். அடுத்த நேர்காணலில் அவர்கள் விசாரிப்பதற்கு முன் நானே, "கைடுக்கும் எனக்கும் கட்டுரையில் யார் யார் பெயர் போடுவது என்ற விஷயத்தில் கருத்து வேறுபாடு, டேட்டா பற்றி சந்தேகம் இருந்தால் இதோ நோட்டு" என்று மேஜையில் வைத்தேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. வேலை கிடைத்தது.

கடற்புல்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினேன். ஏழு நோட்டு, உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் உப்பியிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமைப் பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் அவருடைய சுருக்கொப்பம், தேதியோடு. கடைசிக் கையெழுத்து 2020 பிப்ரவரி. அவர் சொல்லும் ஜூனியர் தம்பி லேபில் சேர்ந்ததே 2021-ல். அவனிடம் பேசினேன், "நான் அப்ப எம்.எஸ்சி. படிச்சிட்டிருந்தேன்க்கா" என்று எழுதியே தருகிறேன் என்கிறான்.

எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிட்டேன். கமிட்டியில் இருந்த சார் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். பதிவாளருக்கான கடிதத்தை இன்று எழுதுகிறேன். வியாழக்கிழமை நாகர்கோவிலில் ஒரு நேர்காணல், ஏழு நோட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.