பாசிக்குடாவில் பெட்டி வானுக்குள், நாங்கள் கரையில்

போன பள்ளி விடுமுறையில் கல்லடியிலிருந்து இரண்டு வானில் சொந்தக்காரர் எல்லாரும் பாசிக்குடாவுக்குப் போனோம். முதலுதவிப் பெட்டியை முதல் நாளே நான்தான் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அதில் இல்லாத சாமான் இல்லை. அது வானின் பின்பக்கம் சோற்றுச் சட்டிக்கும் பாய்க்கும் அடியில் போய்விட்டது.

பாசிக்குடாவில் ஆழமில்லை, பிள்ளைகள் வெகுதூரம் நடந்தே போகலாம், அதற்காகத்தான் அங்கே போவது. ஆனால் அடியில் முருகைக்கல் கிடக்கும். ஐந்து வயது மகன் அதில் மிதித்துவிட்டான். தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு, கடல் தண்ணீரோடு கலந்து இரத்தம் வழிவதில் காயம் எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை. வானுக்கு ஓடினால் சாரதி திறப்போடு தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.

மாமி பதறிப்போய் கோப்பித்தூள் வாங்கி வரச் சொன்னார். அவர் பிள்ளைகளை வளர்த்த கைமருந்து அது, அன்பில்தான் சொன்னார், ஆனால் நான் விடவில்லை. தூள் காயத்துக்குள் ஒட்டிக்கொண்டால் பிறகு கழுவுவது பெரும்பாடு, கிருமியும் ஏறும். குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணீர் முழுவதையும் காலில் ஊற்றினேன். சுத்தமான துவாயை வைத்து அழுத்தி, காலை என் மடியில் உயர்த்தி, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் பிடித்திருந்தேன். இரத்தம் நின்றது. இரண்டாம் நாள் காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியது. டொக்டர் உள்ளேயிருந்து கடுகளவு கல் ஒன்றை எடுத்தார், ஏற்பு ஊசி எப்போது போட்டது என்று கேட்டார், எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது பெரிய பெட்டி இல்லை. தோளில் மாட்டும் சின்னப் பை, அது என் உடம்பை விட்டு இறங்காது. காயம் கழுவ மட்டும் ஒரு லீற்றர் தண்ணீர், காயத்துணி, பிளாஸ்டர், கூர்நுனிச் சாமணம் (புருவம் எடுக்கும் தட்டை நுனிச் சாமணத்தில் முள்ளும் கல்லும் பிடிபடாது), வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் இரண்டு பைக்கற். ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பைக்கற்றும் போட்டுத்தான் கரைக்க வேண்டும், கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது கூடாது. பனடோல் பாணியோடு ஊசியில்லாத சிறிஞ்சும் இருக்கிறது. போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி அளவை எழுதியிருக்கிறேன்: ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், எங்கள் பாணியில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், மகன் 16 கிலோ, ஆகவே 10 மில்லி. காய்ச்சலில் பிள்ளை அனுங்கும்போது யாருக்கும் கணக்கு வராது. அப்புறம், கிளினிக் கொப்பியில் ஊசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

*

ஏறாவூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு உன்னிச்சைக் குளத்தடியில் குளவி. மூன்று வயது மகளுக்குக் கழுத்தில் கொட்டியது. உம்மா தைலம் தேய்க்கத் தொடங்கினார், நானும் குளவிக்கடிதானே என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து, சத்தி எடுத்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. அதற்குப் பையில் இருக்கிற எதுவும் போதாது சகோதரி. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடித்தோம், அம்புலன்ஸ் காசில்லாமல்தான் வரும், ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை, குளத்தின் எந்தப் பக்கம் என்று ஒரு வயல்காரரிடம் போனைக் கொடுத்துத்தான் சொல்ல வைத்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். இப்போது எங்கே போனாலும் இறங்கிய உடனே அந்த இடத்தின் பெயரையும் கிட்டவுள்ள ஆஸ்பத்திரியையும் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

*

நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன், நெஞ்சு பதறியது. நாங்கள் அடுத்த மாதம் பொத்துவில் பக்கம் போகிறோம், ஆஸ்பத்திரி எங்கே என்று இன்றைக்கே விசாரித்து எழுதிப் பையில் போடுகிறேன். ஒன்று கேட்கவேண்டும்: மகளுக்குக் குளவி ஒத்துக்கொள்ளாது என்பதை முன்பள்ளி ரீச்சருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?