வாசிகசாலை முற்றத்தில் 'ஹட்டாரி' போட்டுக் காட்ட என்ன ஆயத்தம் வேணும்?

குளக்கட்டு

வணக்கம். கிளிநொச்சிப் பக்கக் கிராமமொன்றின் வாசிகசாலை முற்றத்தில், ஓகஸ்ட் விடுமுறையில் 'ஹட்டாரி' படத்தைத் திரையிட நினைக்கிறோம். ஆபிரிக்காவில் காட்டு மிருகங்களைப் பிடித்து மிருகக்காட்சிச்சாலைகளுக்கு அனுப்பும் ஆக்களின் கதை, ஜோன் வெய்ன் நடித்த பழைய படம். எண்பது பேர் வரை வருவினம், அரைவாசிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளையள்.

கையில் இருப்பது: 3000 லூமன் என்று போட்ட புரொஜெக்டர், மடிக்கணினி, அம்பிளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, படத்தின் வட்டு. திரை இனித்தான் செய்ய வேணும்.

படம் 157 நிமிடம். வெட்டிச் சுருக்கினால் கெட்டுவிடுமா? தமிழ் வசனவரி இல்லாமல் பிள்ளையள் இருந்து பார்ப்பினமா? சோளகக் காற்றுக்கு எந்தத் திரை நிற்கும்? மிருகங்களை வாகனத்தில் விரட்டிப் பிடிப்பதைப் பிள்ளையளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்

முதலில் படத்தைப் பற்றி. ஹவர்ட் ஹோக்ஸ் இயக்கி 1962இல் வெளிவந்தது, திரைக்கதை லீ பிராக்கெட். தங்கனிக்காவில், அதாவது இன்றைய தன்சானியாவில், அரூஷா நகரத்துக்குக் கிட்ட எடுத்தது. 'ஹட்டாரி' என்றால் சுவாஹிலி மொழியில் ஆபத்து.

பார்க்க வாறவர்களுக்குத் தொடங்கமுதலே ஒன்றைச் சொல்லிவிடுங்கோ. அந்தத் துரத்தல்கள் உண்மையானவை. ஓடுகிற காண்டாமிருகம் காட்டு மிருகம். வாகனத்தின் முன் மட்காட்டில் பூட்டின இருக்கையில், நீளத் தடியில் சுருக்குக் கயிற்றோடு குந்தியிருப்பது ஜோன் வெய்னேதான். வில்லி டி பியர் என்ற தொழில்முறை மிருகபிடிகாரர் ஆலோசகராக இருந்து பழக்கிவிட, நடிகர்களே பிடித்தார்கள். கடைசியில் பிடிபட்ட காண்டாமிருகம் கயிற்றை உதறிக்கொண்டு ஓட, திரும்பவும் விரட்டிப் பிடிக்கிறார்களே, அது எழுதி வைத்த காட்சி இல்லை. நடந்ததை அப்படியே படத்தில் விட்டார்கள். கணினி வரைகலை பார்த்துப் பழகின பிள்ளைக்கு இது முன்னமே தெரியாவிட்டால், ரசல் ஹார்லனுடைய ஒளிப்பதிவு ஏன் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்பது பிடிபடாது. கமரா ஏற்றின வாகனமும் அதே புழுதிக்குள் அதே வேகத்தில் பக்கத்தில் ஓடியிருக்கிறது. பிடிபடும் மிருகத்தின் கழுத்தை மட்டும் பார்க்காமல், வாகனம் எந்தப் பக்கமாக அணைகிறது, ஓட்டுபவர் எப்போது வேகத்தைக் குறைக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கோ. அதுக்குள்தான் முழு வித்தையும் கிடக்கு.

வெட்ட வேண்டாம். துரத்தலை மட்டும் வைத்து வீட்டுக் காட்சிகளை வெட்டினால் நாலாவது துரத்தலிலேயே சனம் அலுத்துப்போகும். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, உண்மை. ஒரு பிடிப்பு, பிறகு வீட்டில் சாப்பாடு, சீட்டாட்டம், சண்டை, சரசம், திரும்ப ஒரு பிடிப்பு. வேட்டை முடிந்து மூச்சு வாங்குகிற அந்த ஆறுதலான நேரத்தில்தான் படத்தின் பகிடி எல்லாம் நடக்குது. ரெட் பட்டன்ஸ் நடிக்கும் 'பொக்கெற்ஸ்' என்ற ஆள், குரங்குகள் நிறைந்த மரத்தை ரொக்கெற்றில் கட்டின வலையால் மூடப்போய், தான் செய்ததைப் பார்க்கப் பயந்து கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றவர்களிடம் விசாரிக்கிற இடத்துக்கு மொழியே தேவையில்லை. யானைக்குட்டிக்குப் பால் கறக்க ஆடு பிடிக்கிற இடமும் அப்படித்தான். ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளையளுக்கு அது எல்லாரையும்விடக் கூடுதலாக விளங்கும்.

இசை ஹென்றி மன்சினி. நடிகை எல்சா மார்ட்டினெல்லி யானைக்குட்டிகளைக் குளிக்கக் கூட்டிப்போகும்போது வருகிற 'யானைக்குட்டி நடை' மெட்டைச் சிறுசுகள் அடுத்த நாளே முணுமுணுக்கும். அதில் கீச்சென்று கேட்பது சின்ன வகைக் கிளாரினெற்.

இரண்டு இரவாகப் பிரிப்பது நல்லது. எங்கே நிறுத்துவதென்று முதலே ஓட்டிப்பார்த்து நிமிடத்தைக் குறித்து வையுங்கோ. துரத்தலின் நடுவில் நிறுத்தாதேங்கோ. எல்லாரும் வீட்டில் இருக்கிற ஒரு ராத்திரிக் காட்சியின் முடிவில் நிறுத்தினால் அடுத்த நாளும் அதே ஆக்கள் வருவினம்.

ஒரு சின்ன விசயம்: 'கிஃபாரு' (காண்டாமிருகம்), 'ட்விகா' (ஒட்டகச்சிவிங்கி), 'டெம்போ' (யானை), 'நியாட்டி' (எருமை) என்று நாலு சுவாஹிலிச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டால் பிள்ளையள் படத்துக்குள் தேடிப் பிடிப்பினம்.

ஒளியும்ஒலியும்

திரைக்கு வருவோம். படத்தின் அகல உயர விகிதம் 1.85க்கு 1. 12 அடி அகலம் வைத்தால் உயரம் ஆறரை அடி. 3000 லூமன் உண்மையான அளவென்றால் இருட்டில் இதுக்குத் தாராளம். மலிவான எல்ஈடி பெட்டிகளில் போட்டிருக்கிற இலக்கம் பெரும்பாலும் உண்மையில்லை, 'அன்சி லூமன்' (முறைப்படி அளந்த வெளிச்சம்) என்று இருக்கா என்று பாருங்கோ. இல்லாவிட்டால் 8 அடிக்கு மேல் போகாதேங்கோ. இந்தப் படத்தில் இராக்காட்சிகள் உண்டு, வெளிச்சம் குறைந்தால் முகம் தெரியாது.

78 சதுர அடித் துணி சோளகத்துக்குப் பாய்மரம்தான். ஒன்றரை அங்குல ஜிஐ குழாயில் சட்டம் அடித்து, முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு இரண்டுமாகக் கயிறு 45 பாகை சாய்வில் இழுத்து, இரண்டரை அடி முளையில் கட்டுங்கோ. துணியைச் சட்டத்தோடு நேரே கயிற்றால் இறுக்கினால் முதல் வீச்சிலேயே துணியில் கயிறு கோக்கிற கண் கிழியும். பழைய சைக்கிள் ரியூப்பை அரை அங்குல வாராக வெட்டி அடிக்கொரு கண்ணில் கட்டினால் இழுபட்டுக் கொடுத்து, திரும்பித் தன்னிடத்துக்கு வரும். காற்றுப் போகட்டும் என்று துணியில் ஓட்டை போடுவார்கள், அது வேண்டாம். படம் சிதையும், காற்றும் குறையாது.

காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே திரையின் விளிம்பு தென்மேற்கைப் பார்க்க வேணும், முகம் தென்கிழக்கைப் பார்க்க வேணும். காற்றும் நெஞ்சில் அடிக்காது, மேற்கே மிச்சமிருக்கிற வெளிச்சமும் திரையின் முதுகில்தான் விழும். முதுகுக்குக் கறுப்புத் துணியோ தறப்பாளோ கட்டுங்கோ. திரையின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து நாலு அடி. பிள்ளையள் முன்னுக்குப் பாயில், பெரியவர்கள் பின்னுக்குக் கதிரையில்.

புரொஜெக்டரின் எறிதூர விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் பிரித்தது) 1.5 என்றால் 12 அடிப் படத்துக்கு 18 அடி தள்ளி வைக்க வேணும். கீஸ்ரோன் திருத்தத்தை (கோணல் படத்தை நேராக்கும் வசதியை) நம்பிச் சரிவாக வைத்தால் படம் மங்கும், எழுத்து கரையும். மேசையை உயர்த்தி நேரே வையுங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு முற்றத்துக்குத் தண்ணி தெளித்தால் கிரவல் புழுதி வடிகட்டியை அடைக்காது. பூச்சிக்கு, கூட்டத்துக்குப் பின்னால் 40 அடி தள்ளி ஒரு குண்டு பல்பைத் திரைக்கு வெளிச்சம் விழாதபடி மறைத்துக் கட்டுங்கோ.

மின்சாரம்: புரொஜெக்டர் 300 வாட், அம்பிளிஃபயர் 500, கணினி 65. எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்குள், 2 கிலோவாட் ஜெனரேற்றர் போதும். அதை வடகிழக்கில், காற்றுப் போகிற பக்கம், சுவருக்கு அப்பால் 80 அடியில் வையுங்கோ. இழுக்கிற வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் மூன்று கம்பி. விளக்குள்ள புரொஜெக்டரில் கரண்ட் திடீரென்று நின்றால் விசிறியும் நின்று, சூடு ஏறி விளக்கு போகும். 650 விஏ யூபிஎஸ் ஒன்றில் புரொஜெக்டரை மட்டும் பூட்டுங்கோ, குளிர்ந்து நிற்க நேரம் கிடைக்கும். கணினியையும் அம்பிளிஃபயரையும் வேறு வேறு இடத்துக் கரண்டில் பூட்டினால் 'ஹம்' என்ற இரைச்சல் வரும், ஒரே பலகையிலிருந்து எடுங்கோ.

ஒலி மோனோ. இரண்டு பெட்டியையும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தூர வைத்துப் பிரயோசனமில்லை, திரையின் இரு காலடியிலும் ஒட்டி வையுங்கோ. கோயில் திருவிழாப் புனல் ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டாம். மன்சினியின் மேளத்தை அது விழுங்கிவிடும்.

வட்டு வீட்டுப் பாவனைக்கு மட்டும் உரியது. காசு வாங்காவிட்டாலும் பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் அனுமதி எடுக்க வேணும். அதை இப்பவே தொடங்குங்கோ.

குளக்கட்டு

நன்றி அண்ணை. வசனவரி ஒன்றைத் தமிழில் அடித்துக்கொண்டிருக்கிறோம். கணினியில் போட்டால் ஆங்கில எழுத்தாகச் சிதறி வருது. சிலது நேரமும் பிந்துது.

எழுத்தாணி

சிதறினால் பாமினியில் அடித்திருக்கிறீர்கள். பாமினி யூனிகோட் இல்லை, எழுத்துரு மாறினவுடன் குப்பையாகும். மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கி, கோப்பைச் சேமிக்கும்போது யூடீஎஃப்-8 என்று தெரிவு செய்யுங்கோ. வீஎல்சியில் வசனவரி அமைப்புக்குப் போய் அதே குறியேற்றத்தையும், நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் கொடுங்கோ.

நேரப் பிழை இரண்டு வகை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு பிந்தினால் நகர்த்தினால் போதும், வீஎல்சியில் ஜி, எச் விசைகள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போகப் பிந்தினால் அது சட்டக வேகப் பிழை, அதாவது செக்கனுக்கு எத்தனை படம் ஓடுது என்பதில் வந்த பிழை. 24 சட்டகத்துக்குச் செய்த வரியை 25 சட்டக 'பால்' (PAL) முறை வட்டில் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை செக்கன் விலகும். உங்கள் வட்டு 157க்குப் பதில் 151 நிமிடத்தளவில் முடிந்தால் இதுதான் காரணம். 'சப்டைட்டில் எடிற்' மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றினால் எல்லா வரியும் ஒன்றாகத் திருந்தும்.

ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு செக்கனுக்குக் குறைய நிற்கவும் கூடாது. துரத்தலின்போது கத்துகிறதெல்லாவற்றையும் மொழிபெயர்க்காதேங்கோ. கண் கீழே போனால் மிருகம் போய்விடும். வாசிக்கத் தெரியாத சின்னவர்களுக்காக ஒருவர் மைக்கில் கதை சொல்வதானால் அவரும் அந்த நேரம் வாயை மூடியிருக்க வேணும்.

காட்டோரம்

பிள்ளையளுக்கு என்ன சொல்வது என்ற கேள்விக்கு ஒருவரும் வரவில்லை. அதுதான் முக்கியம்.

வாகனத்தில் விரட்டிப் பிடிப்பதைக் கைவிட்டதுக்குக் காரணம் இரக்கம் மட்டுமில்லை. மிருகம் செத்துப்போகும். நீள ஓடினால் உடம்பு சூடேறும், தசையில் அமிலம் கூடும், தசை நார் உடைந்து அதன் நிறப்பொருள் குருதியில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். பிடிக்கும்போது நல்லாக நின்ற விலங்கு சில மணித்தியாலத்தில் அல்லது சில நாட்களில் விழும். ஒட்டகச்சிவிங்கிக்கு இந்த ஆபத்து மிகக் கூட. ஆகவே படத்தில் அது ஓடும்போது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பிள்ளையளை எண்ணச் சொல்லுங்கோ. பிறகு வந்தது மயக்க ஊசி. இன்னொன்று, புனல் வடிவில் ஒளிபுகாத் துணியை நீளத்துக்குக் கட்டி, மந்தையை உள்ளே செலுத்துவது. துணியை மிருகம் சுவரென்று நினைத்து முட்டாது. அந்த முறையைப் பெயர்பெற வைத்த ஜான் ஊலோஃப்ஸ, இந்தப் படத்திலேயே மிருகங்களோடு வேலை செய்தவர்.

வன்னிக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. இங்கே ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்தது யானை. பிடித்த யானைகளை ஆனையிறவால் கடத்தி, குடாநாட்டுக்குக் கொண்டுபோய், ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றினார்கள். பிடித்தவர்கள் பணிக்கர். மான் தோலோ எருமைத் தோலோ முறுக்கின வார்க்கயிறு ஒன்றுதான் அவர்களின் ஆயுதம் என்று பிரித்தானியர் காலத்து அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். இருவர் காற்றுக்கு எதிரே ஓசையில்லாமல் பின்னால் போய், யானை காலைத் தூக்குகிற கணத்தில் பின்னங்காலில் சுருக்கைப் போட்டு, மறு நுனியை மரத்தில் சுற்றுவார்கள். படத்தில் சுருக்கு பக்கத்திலிருந்து கழுத்துக்குப் போகுது, இங்கே பின்னாலிருந்து காலுக்கு. அங்கே வேகம், இங்கே மௌனம். படத்துக்கு முன் இதைப் பத்து நிமிடம் சொன்னால் பேரன்மாரைவிடத் தாத்தாமார் நிமிர்ந்து உட்காருவினம்.

இன்று யானை பிடிப்பது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். தாயை இழந்த குட்டிகளை 1995இலிருந்து உடவளவையில் வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். ஆட்டுப்பால் காட்சி வரும்போது அதைச் சொல்லலாம். கம்பித் தடமும் கட்டுத்துவக்கும் இன்னும் எங்கள் காட்டோரங்களில் கிடக்கு, அதையும் மறைக்காமல் சொல்லுங்கோ.

ஒளியும்ஒலியும்

ஒன்று விட்டுப்போச்சு. ஏழு மணிக்குத் தொடங்கி முழுப்படமும் ஓட்டினால் இடைவேளையோடு பத்தாகும். யானை இறங்குகிற பாதையால் திரும்பிப் போகிற வீடுகள் இருந்தால் அதுக்காகவே இரண்டு இரவாகப் பிரித்து எட்டரைக்கு முடியுங்கோ. அந்தப் பக்கத்தாரைத் தனித்தனியாகச் சைக்கிளில் விடாமல் உழவு இயந்திரப் பெட்டியில் ஒன்றாக ஏற்றி அனுப்புங்கோ. ஓட்டுபவர் எட்டு மணிக்கே முற்றத்தில் நிற்க வேணும்.