கைப்பேசி ஃப்ளாஷில் கண் சிவப்பாகத்தான் தெரிகிறது, பிறகும் மாதாமாதம் விழித்திரைப் படம் எடுக்க வேண்டுமா?

தென்காசிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு வயதில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து செயற்கைக் கண்தான். இப்போது எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து 19 நாள். மதுரையில் காட்டினோம், டாக்டர் அகலக் கேமராவில் விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு போகாது, நாலு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி வாருங்கள் என்கிறார். அம்மாவோ, பச்சைப் பிள்ளையைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையாதே, கண் நல்லாத்தானே இருக்கு என்கிறாள். நானும் தினமும் ராத்திரி ஃப்ளாஷ் போட்டு எடுத்துப் பார்க்கிறேன், இரண்டு கண்பாப்பாவும் சிவப்பாகத்தான் வருகிறது. இது போதாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கேமரா_அறை:
தம்பி, நான் கண் மருத்துவமனையில் இந்தப் படம் எடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன். ஃப்ளாஷில் வெள்ளையாக மின்னினால் உடனே ஓடி வர வேண்டும், அது சரி. ஆனால் சிவப்பாக வந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. கட்டி கொஞ்சம் வளர்ந்த பிறகோ, நடுவில் வந்தாலோதான் அந்த வெள்ளை தெரியும். ஓரத்தில் மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதை எந்தக் கைப்பேசியும் காட்டாது. அமெரிக்காவில் பிரையன் ஷா என்ற வேதியியல் பேராசிரியர், தன் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு, பழைய போட்டோக்களில் வெள்ளையைத் தேடும் செயலி ஒன்றைச் செய்தார். 2019இல் வந்த ஆய்வில், கண் நோய் இருந்த 20 பிள்ளைகளில் 80 சதவீதம் பேருக்கு, டாக்டர் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக 1.3 வருடம் முன்பே போட்டோவில் அது தெரிந்திருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. உங்கள் வீட்டுக்கு அது போதாது.

இங்கே என்ன செய்வோம் என்றால், சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரியும் வரை காத்திருப்போம், பிறகு மரத்துப்போகும் சொட்டு, இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பி, கண் மேல் ஜெல் வைத்து லென்ஸை மெல்ல ஒற்றி எடுப்போம். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றிவிடுங்கள், எடுப்பதற்குச் சற்று முன்னால் பால் கொடுக்காதீர்கள், கக்கிவிடும். அழும், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரே படத்தில் 130 டிகிரி வரை விழித்திரை வந்துவிடும். ஏன் திரும்பத் திரும்ப என்றால், பிறந்த புதிதில் வரும் கட்டிகள் பெரும்பாலும் நடுப்பகுதியில் வரும், மாதம் போகப் போக ஓரத்தில் முளைக்கும். குழந்தைக்கு இரண்டு மாதம் தாண்டிய பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஓரத்தை அழுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். இன்றைக்குச் சுத்தமாக இருக்கிற கண் ஆறாவது மாதம் அப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ரெண்டுபிள்ளைஅம்மா:
அண்ணா, என் பெரியவனுக்கு இரண்டு கண்ணிலும் வந்தது. பூனைக்கண் மாதிரி மின்னுகிறதே என்று ஊரில் எல்லோரும் ரசித்துக்கொண்டிருந்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதனால் சின்னவளைப் பிறந்த வாரத்திலிருந்தே காட்டினோம். நாலு தடவை ஒன்றுமில்லை. ஐந்தாவது தடவை டாக்டர் போன மாதப் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, அவர் பேனா முனையை வைத்த இடத்தில்தான் நொய்யரிசி மாதிரி மங்கலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. லேசரிலேயே முடித்துவிட்டார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு, இரண்டு கண்ணும் இருக்கிறது. பஸ் அலைச்சலைப் பார்க்காதீர்கள் அண்ணா, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ரத்தப்பரிசோதனை:
முதலில் உங்கள் ரத்தத்தைக் கொடுங்கள் சகோ. 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 மரபணுவில் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத்தான் அது பரம்பரையாகப் போகக்கூடியது, அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்கு ஆபத்து சுமார் 7.5 சதவீதம். உங்களிடம் கோளாறு கிடைத்து அது குழந்தையிடம் இல்லை என்றால், இந்தப் பயணமே வேண்டாம். உங்கள் ரத்தத்தில் எதுவும் கிடைக்காவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும், ஆனால் பரிசோதனையை நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். முடிவு வரும் வரை ஒரு தேதியையும் தவற விடாதீர்கள்.

தென்காசிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நொய்யரிசி என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். திங்கட்கிழமை போகிறோம், அவளும் வருகிறாள். என் ரத்தத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். கேமரா_அறை அண்ணா, பால் எவ்வளவு நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும்?

கேமரா_அறை:
சொட்டு மருந்தோடு படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போதும். மயக்க மருந்து என்றால் அதைவிடக் கூடுதல் நேரம், அதை மயக்க மருத்துவர் சொல்வார். மாற்றுத் துணி இரண்டு எடுத்து வாருங்கள்.