சித்தப்பா போட்ட ஃபேஸ்புக் லைவை இறக்கினா சத்தமே வரல, யாராவது வழி சொல்லுங்க

கொடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கிராமம் நமக்கு. எங்க சுடலைமாடன் கோயில் கொடைக்கு 2019-ல வில்லுப்பாட்டு வச்சிருந்தோம். சித்தப்பா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே மூணே முக்கால் மணி நேரம் ஃபேஸ்புக்ல லைவ் போட்டாரு. போன தை மாசம் அவர் தவறிட்டாரு. இப்ப அவர் கணக்குக்கு ஒரு அறிவிப்பு வந்திருக்கு: பழைய லைவ் எல்லாத்தையும் அழிக்கப் போறோம், 90 நாளுக்குள்ள இறக்கி வச்சுக்கோங்கன்னு. அதுல இருபது நாள் ஓடியே போச்சு. அவர் போன் சித்திகிட்டதான் இருக்கு, கணக்கும் அதுல திறந்தேதான் கிடக்கு.

லிங்க்கை எடுத்து, தேடினதும் முதல்ல வந்த ஒரு டவுன்லோடு தளத்துல ஒட்டினேன். மூணு பச்சைப் பட்டன். முதல் பட்டன்ல ரம்மி விளம்பரம். ரெண்டாவதுல ஏதோ ஏபிகே (ஆப்பை நிறுவுற கோப்பு) இறங்குச்சு, அதையும் என் போன்ல போட்டுத் தொலைச்சேன். மூணாவதுலதான் வீடியோ வந்துச்சு. படம் பளிச்சுன்னு இருக்கு. புலவர் வீசுகோலை வீசுதாரு, குடத்துக்காரர் தட்டுதாரு, சத்தம் மட்டும் துளி இல்ல. விஎல்சி பிளேயர்ல போட்டாலும் அதே கதைதான்.

சித்தப்பா கையிலதான் போன் இருந்துச்சுங்கதால அவர் படத்துல எங்கயுமே இல்ல. நடுவுல நடுவுல பேசுத குரல்தான் இருக்கு. அதுக்காகத்தான் கேக்கேன்.

ரீல்ஸ்ராஜா:
காப்பிரைட் பிரச்சினை ப்ரோ. இன்ஸ்டால பப்ளிக் ரீல்ஸை ஆப்லயே இறக்கிக்கலாம், ஆனா உரிமம் வாங்கின பாட்டு இருந்தா சத்தத்தை எடுத்துட்டுத்தான் கொடுக்கும். இதுவும் அப்படித்தான் ம்யூட் ஆகியிருக்கும்.

ஒயர்மேன்:
ரீல்ஸுக்கு நீங்க சொல்றது சரிங்க தம்பி, இது வேற.

கொடைக்காரன், வீடியோ அப்புறம். முதல்ல அந்த ஏபிகே. அமைப்புகள்ல அக்சசிபிலிட்டிக்குள்ள போய்ப் பாருங்க, அந்தப் பேருக்கு அனுமதி கொடுத்திருந்தா அணைச்சுட்டு, அதுக்கப்புறம் ஆப்பை நீக்குங்க. அந்த அனுமதி இருந்தா திரையில தெரியறதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலா பட்டனும் அழுத்தும். எஸ்எம்எஸ் அனுமதியும் கேட்டுச்சுன்னா ஓடிபியையும் படிச்சிருக்கும்னு வச்சுக்குங்க. பாஸ்வேர்டுகளை வேற போன்ல இருந்து மாத்துங்க. பேங்க்ல காசு ஏதாவது போயிருந்தா தாமதிக்காம சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்க.

இப்ப சத்தம். ஃபேஸ்புக்குக்குள்ளயே ஓட்டிப் பாருங்க, அங்க சத்தம் வருதுங்களா?

கொடைக்காரன்:
அங்க நல்லாவே வருது அண்ணே. ஏபிகேவைத் தூக்கிட்டேன், அக்சசிபிலிட்டி கேட்டுதான் இருந்துச்சு, நல்லவேளை நான் கொடுக்கல. பேங்க் கணக்குல ஒண்ணும் போகல.

ஒயர்மேன்:
அப்ப சங்கதி இதுதானுங்க. இந்த மாதிரி தளங்கள் படத்தை ஒரு கோப்பாவும் ஒலியை இன்னொரு கோப்பாவும் தனித்தனியா வச்சிருக்கும். நெட் வேகத்துக்குத் தகுந்த மாதிரி படத்தோட தரத்தை ஏத்தி இறக்கலாம், ஒலியைத் தொட வேண்டியதில்ல. நாம பார்க்கும்போது ஆப் ரெண்டையும் ஒண்ணா ஓட்டிக் காட்டுது. நீங்க போன தளம் படக் கோப்பை மட்டும் எடுத்துக் கொடுத்திருச்சு. உங்ககிட்ட இருக்கறதுல ஒலியே கிடையாது, எந்தப் பிளேயர்ல போட்டாலும் வராது. யூடியூப்ல 1080பி இறக்கறவங்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஒய்டி-டிஎல்பிங்கற வீடியோ இறக்கற மென்பொருள் வச்சிருக்கவங்க கூடவே எஃப்எஃப்எம்பெக்னு இன்னொரு மென்பொருளும் போட்டுக்கறது படத்தையும் ஒலியையும் ஒட்டறதுக்குத்தான்.

உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். கணக்கு கையில இருக்கும்போது வெளித்தளம் எதுக்குங்க? அறிவிப்பைத் தொட்டாலே இறக்கற வழி அதுலயே இருக்கும். இல்லைன்னா வீடியோ மேல மூணு புள்ளியைத் தொட்டா டவுன்லோடு வரும்.

மரகதம்அக்கா:
ஒரு விஷயம், இதைக் கட்டாயம் கவனிங்க. இறந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி வீட்டில் யாரும் ஃபேஸ்புக்குக்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டாம். மாற்றிவிட்டால் பாஸ்வேர்டு தெரிந்திருந்தாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு செய்யுங்கள். சித்தி அந்தப் போனை ரீசெட் செய்யாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 பிப்ரவரி 19-லிருந்து புது லைவ் எல்லாம் 30 நாள்தான் இருக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். பழையவற்றை அதற்குப் பிறகு தவணை தவணையாக நீக்குகிறார்கள். நாள் போதவில்லை என்றால் ஆறு மாதம் தள்ளிவைக்கும் வசதியும் அந்த அறிவிப்பிலேயே உண்டு. முதலில் அதை அழுத்திவிட்டு நிதானமாக வேலையைப் பாருங்கள்.

கொடைக்காரன்:
தள்ளி வச்சிட்டேன் அக்கா, ரொம்ப நன்றி. எங்க அத்தை மகன் போன வாரம்தான் அந்த விண்ணப்பத்தைப் போடணும்னு சொல்லிக்கிட்டு இருந்தான்!

இப்ப வேற சிக்கல். கோப்பு 5.2 ஜிபி. சித்தி போன்ல இடமில்ல. 32 ஜிபி மெமரி கார்டு வாங்கிப் போட்டேன், அதுலயும் பாதியிலேயே நின்னு போகுது. கார்டு முழுக்கக் காலிதான்.

ஒயர்மேன்:
கார்டு நல்லாத்தான் இருக்கும். 32 ஜிபி வரைக்கும் உள்ள கார்டு, பென்டிரைவ் எல்லாம் பெரும்பாலும் ஃபேட்32 முறையில ஃபார்மேட் ஆகி வரும். அதுல ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எத்தனை இடம் காலியா இருந்தாலும் ஏத்துக்காது. எக்ஸ்ஃபேட்டா மாத்தினா சரியாயிரும், மாத்தும்போது உள்ளே இருக்கறது அழிஞ்சு போகும். பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, டிவியில போடற எண்ணம் இருந்தா யோசிச்சுக்குங்க.

அதைவிட லேசான வழி: டவுன்லோடு பண்ற இடத்துலயே கூகுள் டிரைவுக்கு நேரா அனுப்பலாம். இலவச 15 ஜிபியில அடங்கிரும். போன்ல இடமே வேண்டாம். அப்புறம் கம்ப்யூட்டர்ல இறக்கிக்குங்க.

கொடைக்காரன்:
வந்துட்டு அண்ணே! டிரைவுக்குப் போக ஒரு ராத்திரி ஆச்சு, காலையில கம்ப்யூட்டர்ல இறக்கிட்டேன். சத்தம் கணீர்னு இருக்கு, உடுக்குச் சத்தத்துக்கு எங்க வீட்டு நாய் எந்திரிச்சு நின்னுட்டு. துபாய்ல இருக்க தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும், யூடியூப்லயும் ஏத்தலாமான்னு பாக்கேன்.

ஒயர்மேன்:
வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா அமுக்கித் தரத்தைக் கெடுத்துரும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் போகும். லாஸ்லெஸ்கட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, தரம் குறையாம மூணு துண்டா வெட்டிக் கொடுக்கும். இல்ல, டிரைவ் லிங்க்கை அனுப்பிட்டாலே தீர்ந்துது.

மரகதம்அக்கா:
யூடியூபில் ஏற்றுவதற்கு முன் புலவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒளிபரப்பியது உங்கள் சித்தப்பா என்றாலும் பாட்டு அவர்கள் தொழில். வீட்டில் வைத்துப் பார்ப்பது வேறு, ஊருக்குப் போடுவது வேறு.

கொடைக்காரன்:
சரி அக்கா, அவர் நம்பர் இருக்கு, கேட்டுட்டே போடுதேன்.

கடைசியா ஒண்ணு. 1 மணி 12 நிமிஷத்துல யாரோ ஒரு பையன் குறுக்க வந்து நிக்கான். சித்தப்பா “ஏலே, மறைக்காத, நவுந்து நில்லுல”ன்னு ஒரு அதட்டு போடுதாரு. போன் அவர் கையில இருந்ததால பக்கத்துல நின்னு பேசுத மாதிரி இருக்கு. இதை மட்டும் ரிங்டோனா வச்சுக் கொடுன்னு சித்தி கேக்காங்க. முடியுமா?

ஒயர்மேன்:
முடியும். லாஸ்லெஸ்கட்லயே அந்த அஞ்சு செகண்டை வெட்டுங்க, சேமிக்கும்போது படத்தை அணைச்சுட்டு ஒலியை மட்டும் எடுங்க. அதைச் சித்தி போன்ல ‘ரிங்டோன்ஸ்’னு இருக்கற ஃபோல்டருக்குள்ள போட்டா, அமைப்புகள்ல ரிங்டோன் பட்டியல்லயே வந்திரும்.