இன்ஜின் கார்பனை வீட்டிலேயே எடுக்கலாமா?

டீசல் தாசன்:
என்னுடையது 2013 டீசல் கார், 1.3 லிட்டர், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இரண்டாவது, மூன்றாவது கியரில் உருண்ட வண்டி. இப்போது பிக்கப் இல்லை, அழுத்தி மிதித்தால் கரும்புகை. ஒரு ஒர்க்ஷாப்பில் ஏதோ மெஷினை மாட்டி ஹைட்ரஜன் விட்டு 4,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்று நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றியது, அப்புறம் பழைய கதைதான். இந்த ஞாயிறு நானே ஈஜிஆர் வால்வை (வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) கழற்றிக் கழுவப் போகிறேன். இன்ஜின் ஓடும்போது காற்று உள்ளே போகும் இன்டேக்கில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கார்பன் உதிரும் என்றும் ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்து பார்த்தவர்கள் உண்டா?

நாலுவழிச்சாலை:
தண்ணீர் விளையாட்டு வேண்டவே வேண்டாம் நண்பரே. நான்கு சிலிண்டர் 1.3 லிட்டர் டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் சிலிண்டருக்குச் சுமார் 20 சிசி. நாலு டீஸ்பூன்! அதற்கு மேல் தண்ணீர் போனால் அது அமுங்காது, பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடுதான் வளையும். வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்த வண்டிகளின் கதி அதுதான். மண்ணெண்ணெய், தின்னர் எதையும் இன்டேக்கில் அடிக்காதீர்கள். டீசல் இன்ஜினுக்கு அவையும் எரிபொருளே. சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் அலறும்.
என்னைக் கேட்டால் ஒன்றையும் கழற்ற வேண்டாம். பைபாஸில் ஒரு கியர் குறைவாகப் போட்டு, 3,000 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். எரிந்து வெளியே போய்விடும்.

கோவை மீனா:
தண்ணீர் பற்றிச் சொன்னது சரி, பைபாஸ் வைத்தியம் பாதிதான் சரி. சூடாக ஓட்டினால் சிலிண்டருக்குள்ளும் சைலன்சர் பக்கமும் இருக்கும் கரி கொஞ்சம் எரியும். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் இருப்பது வேறு சரக்கு. ஈஜிஆர் வழியாக வரும் புகைக்கரியும், இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்த தார். அங்கே அது எரியும் அளவுக்குச் சூடே கிடையாது.
நான் இரண்டு முறை கழற்றியிருக்கிறேன். இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும். கேஸ்கட் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழையதை மறுபடி போட்டால் கசியும். வால்வின் மோட்டார் பக்கம் நனையக்கூடாது. கரி பிடித்த முனையில் மட்டும் கார்பரேட்டர் கிளீனர் அடித்து பிரஷ்ஷால் தேய்க்கலாம். காஸ்டிக் சோடா போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். என் வண்டியில் முதல் முறை எடுத்தபோது மேனிஃபோல்டு வாயில் சுண்டு விரல்தான் நுழைந்தது.

நாலுவழிச்சாலை:
மேடம், நீங்கள் செய்வீர்கள். முதல் தடவை செய்பவர் மேனிஃபோல்டை வண்டியிலேயே வைத்துச் சுரண்டினால் கட்டி கட்டியாக சிலிண்டருக்குள் விழும். அந்தச் செலவை யார் தருவது?

கோவை மீனா:
அதனால்தான் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அது வராவிட்டால் வால்வோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஸ்பேனர் தம்பி:
எதற்கு இவ்வளவு பாடு? ஒரு தகட்டை வெட்டி ஈஜிஆர் பாதையை அடைத்துவிடுங்கள். கரியே வராது.

கோவை மீனா:
வராதுதான், தம்பி. ஆனால் எரிதலின் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தவே அது இருக்கிறது. அடைத்தால் அந்த நச்சு கூடும், பல வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கும் எரியும்.

பெட்ரோல் பாண்டி:
நடுவில் புகுந்து கேட்கிறேன். பெட்ரோல் வண்டிக்கு டேங்கில் ஊற்றும் கிளீனர் போதுமா?

கோவை மீனா:
எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு வெளியே, இன்டேக் பாதையில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) என்றால் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறம் பட்டுத்தான் உள்ளே போகிறது, அதனால் கிளீனரும் அங்கே சேரும். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது, வால்வைத் தொடாது. அங்கே கிளீனர் இன்ஜெக்டருக்கு உதவலாம், வால்வுக்கு உதவாது. வெளிநாடுகளில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து எடுக்கிறார்கள். வீட்டு வேலை அல்ல.

பழைய பட்டறை:
35 வருடம் இதே தொழில். எல்லோரும் மருந்து சொல்கிறீர்கள், நோய் கார்பன்தான் என்று யார் பார்த்தது? தாசன் தம்பி, பிக்கப் இல்லை, கரும்புகை என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவுங்கள். கிளாம்ப் ஓரத்தில் ஆயில் ஈரம் இருந்தால் அங்கே விரிசல் தேடுங்கள். இது பத்து நிமிட வேலை, பைசா செலவில்லை.

நாலுவழிச்சாலை:
ஐயா சொன்ன பிறகு நான் வாயை மூடிக்கொள்கிறேன். பைபாஸ் மட்டும் நிற்கிறது.

டீசல் தாசன் (ஞாயிறு மாலை):
ஐயா, ஹோஸில் கிளாம்புக்கு அடியில் ஒரு அங்குல விரிசல்! மாற்றியாயிற்று. கழற்றியது கழற்றியதுதான் என்று ஈஜிஆரையும் கழுவினேன், உள்ளே கருப்பு அல்வா. வண்டி பறக்கிறது, புகை இல்லை.

பழைய பட்டறை:
ஹோஸ்தான்.

கோவை மீனா:
அந்த அல்வாவுக்குப் பங்கே இல்லையா ஐயா? இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டு எதனால் சரியானது என்று எப்படிச் சொல்வது? தாசன், ஹோஸை மட்டும் மாற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

டீசல் தாசன்:
பழைய ஹோஸ் கையில் இருக்கிறது. ஆனால் மறுபடி மாட்டிப் பார்க்க மாட்டேன், கேட்காதீர்கள்.