சாமான், வெரை, காய்: மருந்துக் கடை கவுண்டரில் கேட்டவை

வேலூர் காந்தி ரோடு பக்கம் மருந்துக் கடையில் நிற்கிறேன். ஆண் உறுப்புக்கு ஊரில் எத்தனை பெயர்கள் உண்டோ அத்தனையும் இங்கே வந்து சேரும். முதலில் "கீழ", "அந்த எடத்துல" என்பார்கள். பக்கத்தில் பெண்கள் நிற்கிறார்களா என்று ஒரு பார்வை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சாமான்ல அரிப்புங்க". எங்கள் பக்கம் அதிகம் காதில் விழுவது இந்தச் சொல்தான்.

இதே சொல்லை லாங்கு பஜாரில் மளிகைச் சாமான், பாத்திர சாமான் என்று கூச்சமில்லாமல் கூவுகிறோம். ஆனால் சிகிச்சைக்காக வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வரும் ஓர் அம்மா லாட்ஜ் வாசலில் நின்று "சாமான் எங்கே வைக்கிறது" என்று இந்தியில் கேட்டால், ரூம் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் கேட்பது பெட்டி படுக்கையை. நோயாளியைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவரைப் பார்த்து அப்படிச் சிரிப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

வாணியம்பாடியிலிருந்து சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். உருது வாத்தியாராக இருந்தவர். "அது பாரசீகச் சொல் தம்பி. உருதுல பொருள், தளவாடம், பயணப் பெட்டி, எல்லாம் சாமான்தான். அதுல அசிங்கம் எங்க இருக்கு?" என்றார். உண்மைதான். பேர் சொல்லக் கூசியவர்கள் 'பொருள்' என்று பொதுவாகச் சொல்லி மறைத்திருக்கிறார்கள். நாளாக நாளாக அந்த மறைப்பே கெட்ட வார்த்தையாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் மற்ற பெயர்களும் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். ஆண்குறி என்பதில் குறி என்றால் அடையாளம். லிங்கம் என்ற வடசொல்லுக்கும் அடையாளம் என்றே பொருள். பாட்டி குழந்தையைக் குளிப்பாட்டும்போது சொல்லும் குஞ்சு, பறவைக் குஞ்சு. பத்திரிகைக்காரர்கள் எழுதும் 'மர்ம உறுப்பு' கூட முதலில் ரகசியத்தைச் சொன்னதல்ல. வடமொழியில் மர்மம் என்பது அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான இடம். நம்முடைய வர்மமும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெரை. அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகள் விதைநெல்லை வெரைநெல் என்பார்கள். விரை, விதை இரண்டுமே தமிழில் நிலத்தில் போடுவதையும் குறிக்கும், விந்துச் சுரப்பியையும் குறிக்கும். கொட்டையும் அப்படியே. கன்னடத்தில் பீஜ என்பதும் இரண்டுக்கும் வரும். உழுகிறவன் வைத்த பெயர் இது. இதில் மறைப்பு எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். "காயடிச்ச மாடா, அடிக்காததா?" என்று ஊருக்கே கேட்கும்படி பேரம் நடக்கும். அங்கே காய் என்றால் விரைதான். பெண்களும் கூட நின்று விலை பேசுவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே மனிதர் தன் பிள்ளைக்கு வந்த நோயைச் சொல்ல வேண்டியிருந்தால் வாயைத் திறக்க மாட்டார்.

அப்படித்தான் ஒருநாள் காலையில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில், ஓர் அப்பா பையனோடு வந்தார். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற வயது. "வயித்து வலி, வாந்தி. ஒரு மாத்திரை குடுப்பா." பையன் நின்ற விதம் சரியில்லை. இடுப்பை வளைத்து, தொடைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றான். "தம்பி, வெரையில வலிக்குதா?" என்று நேராகவே கேட்டேன். "ஏம்பா, பொம்பளைங்க நிக்கிறாங்க" என்று அப்பா பதறினார். பையன் தலையை மட்டும் ஆட்டினான். விடியற்காலையிலிருந்து வலி.

மாத்திரை கொடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்பினேன். விரை முறுக்கிக்கொண்டால் அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதற்கு மேல் போகப் போக அதை எடுத்துவிட வேண்டி வரலாம். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு இது அதிகம் வரும். வலி அடிவயிற்றில்தான் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள், வெட்கத்தால் வயிறு என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பையனுக்கு நேரத்தில் ஆபரேஷன் நடந்தது. சில நாள் கழித்து அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை, "அது நல்லாயிருக்கு" என்றார்.

தமிழ்ப் பையன்களிடம் வெரை என்று கேட்டால் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உருது பேசும் பையன்களிடமும், குடியாத்தம் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகளிடமும் கூசாமல் கேட்க என்ன சொல் இருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கவுண்டரில் எனக்கு அது அடிக்கடி தேவைப்படுகிறது.