விற்றுவிட்டு விலகுவதா, வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதா?

தக்கலை_வாத்தியார்:
ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டில் கிடக்கிறது. அந்த ஃபண்ட் வைத்திருக்கும் பங்குகளைப் பார்த்தால் சுரங்கமும் இருக்கிறது, அனல்மின் நிலையமும் இருக்கிறது. அக்கா மகன் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூரில் கடற்கரைக் கனிம மணல் எடுப்புக்கு எதிரான போராட்டத்தில் நிற்கிறவன். "கூட்டத்துல வந்து கை தட்டுதீங்க, வீட்டுல சுரங்கக் கம்பெனி லாபத்தை எண்ணுதீங்க, வித்துப் போடும் மாமா" என்கிறான்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் விற்றால் இன்னொருவர் வாங்குவார், கம்பெனிக்கு ஒரு பைசா குறையாது. கையில் பங்கு இருந்தால்தானே கம்பெனிக் கூட்டத்தில் ஓட்டு? 2021-ல் இஞ்சின் நம்பர் ஒன் என்ற சின்ன நிதி நிறுவனம் எக்ஸான் மொபில் எண்ணெய்க் கம்பெனியில் வைத்திருந்தது வெறும் 0.02 சதவீதம். மற்ற பெரிய முதலீட்டாளர்களைப் பேசிச் சம்மதிக்கவைத்து, பருவநிலையைக் காரணம் காட்டி 3 இயக்குநர்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாமும் அப்படிச் செய்ய வேண்டாமா? நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடியபட்டணத்துக்காரன்:
கேக்கதுக்கு நல்லா இருக்கு சார். மீதிக் கதையையும் சொல்லுதேன். அந்த 3 பேரும் உள்ளே போன பிறகு, 2023-ல் அதே எக்ஸான் ஏறக்குறைய 6,000 கோடி டாலருக்குப் பயனியர் என்ற எண்ணெய்க் கம்பெனியை வாங்குவதாக அறிவிச்சுது. 2024 ஜனவரியில், பருவநிலை பற்றித் தீர்மானம் கொண்டுவந்த அர்ஜுனா கேபிட்டல், ஃபாலோ திஸ்ங்கிற ரெண்டு முதலீட்டாளர் அமைப்பு மேலயும் கேஸ் போட்டுது. அவங்க பயந்து தீர்மானத்தை வாபஸ் வாங்கியும் விடல்ல. இனி இப்படித் தீர்மானமே கொண்டுவர மாட்டோம்னு அர்ஜுனா எழுதிக்கொடுத்த பிறகுதான் ஜூன்ல நீதிபதி கேஸை முடிச்சாரு. கேள்வி கேட்டவனுக்குக் கிடைச்ச மரியாதை இது.

அதை விடுங்க, நம்ம ஊருக்கு வருவோம். மணவாளக்குறிச்சியில மணல் எடுக்கது ஐஆர்இஎல். கிள்ளியூர் வட்டத்துல 1,144 ஹெக்டேர் கேக்கதும் அதுதான். அது அணுசக்தித் துறைக்குக் கீழ உள்ள மத்திய அரசுக் கம்பெனி, பங்குச் சந்தையிலேயே கிடையாது. எந்த ஏஜிஎம்ல (பங்குதாரர் வருஷக் கூட்டத்துல) போய் கை தூக்குவீங்க? 2024 அக்டோபர் 1-ந் தேதி வச்சிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது ஊர்க்காரங்க எதிர்ப்பால. பங்குதாரர் ஓட்டால இல்ல.

ஏட்டுக்கணக்கு:
ஐஆர்இஎல் விஷயத்தில் தம்பி சொல்வது முழுக்கச் சரி, அங்கே ஓட்டுக்கு வேலையே இல்லை. அதற்காக ஓட்டே வெறும் நாடகம் என்று தள்ளிவிட வேண்டாம். நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், இந்த நோட்டீஸ்களோடுதான் பிழைப்பு.

வாத்தியார் சார், முதலில் ஒன்று. ஃபண்ட் வாங்கியவருக்கு அந்தக் கம்பெனியில் ஓட்டுக் கிடையாது. உங்களுக்காகப் போடுவது ஃபண்ட் நிறுவனம். முன்பெல்லாம் பல தீர்மானங்களுக்கு நடுநிலை என்று போட்டுவிட்டு ஒதுங்குவார்கள். 2022 ஏப்ரல் முதல் எல்லாத் தீர்மானத்துக்கும் ஓட்டுப் போட்டே ஆகவேண்டும் என்பது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எப்படிப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை அவர்களுடைய வெப்சைட்டில் வெளியிடவும் வேண்டும். தேடினால் எக்செல் ஷீட்டாகக் கிடைக்கும்.

பலனும் இருந்திருக்கிறது. 2024 மே மாதம் நெஸ்லே இந்தியா, தாய்க் கம்பெனியின் பிராண்டுக்கும் தொழில்நுட்பத்துக்கும் கொடுக்கிற ராயல்டியை விற்பனையில் 4.5 சதவீதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 5.25-க்கு ஏற்றக் கேட்டது. சம்பந்தப்பட்ட தரப்பு என்பதால் தாய்க் கம்பெனி ஆதரித்து ஓட்டுப் போட முடியாது. மற்றவர்கள் தோற்கடித்தார்கள். 2021-ல் ஐஷர் மோட்டார்ஸ் நிர்வாக இயக்குநரின் மறுநியமனத் தீர்மானம் சம்பளப் பிரச்சினையால் வேண்டிய 75 சதவீத ஓட்டைத் தொடாமல் விழுந்தது. பிறகு சம்பள உச்சவரம்பைக் குறைத்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ரப்பர்மரம்:
குலசேகரத்துலேர்ந்து ஒரு சந்தேகம். டயர் கம்பெனிக்காரன்கிட்ட ரப்பர் ஷீட் விலையைப் பத்தி நேர்ல கேட்போம்னு எம்ஆர்எஃப் பங்கு ஒண்ணு வாங்கலாம்னு பாத்தேன். 2023 ஜூன்லயே ஒரு பங்கு லட்ச ரூபாயைத் தாண்டிட்டு. எத்தனை ஷீட் அடிச்சு உணக்கி வித்தா ஒரு ஓட்டு வரும்? மொத்தம் 42 லட்சம் சொச்சம் பங்கு இருக்காம், அதுல நம்ம ஒண்ணு 😀

கடியபட்டணத்துக்காரன்:
ஏட்டுக்கணக்கு அக்கா, நீங்க சொன்ன ரெண்டையும் திரும்பப் பாருங்க. ராயல்டி, சம்பளம். ரெண்டும் பங்குதாரரோட பைசா. அவன் பாக்கெட்டுல கை வச்சா ஓட்டுப் போடுவான், அதுல அதிசயம் இல்ல. கடல் தண்ணி, மீன், கேன்சர், இதுக்கு எவனாவது ஓட்டுப் போட்டு ஜெயிச்ச கதை இந்தியாவுல உண்டா?

தூத்துக்குடியைப் பாருங்க, நமக்குத் தூரமில்ல. 2007-லயே நார்வே அரசோட ஓய்வூதிய நிதி சுரங்கக் கம்பெனி வேதாந்தாவை ஒதுக்கி வச்சிட்டு, தூத்துக்குடி தாமிர ஆலை வச்சிருந்த அதோட ஸ்டெர்லைட்டும் சேர்த்துத்தான். 2010-ல இங்கிலாந்து திருச்சபை பேசிப் பேசிப் பாத்து, ஒண்ணும் நடக்காம கடைசியில வித்துட்டு வெளிய வந்துட்டு. பாதிக்கு மேல பங்கு நிறுவனர் தரப்புல இருக்கும்போது நீங்க என்ன ஓட்டுப் போட்டாலும் என்ன? ஒடிசாவுல வேதாந்தாவுக்காக பாக்சைட் எடுக்கப் பாத்த நியமகிரி மலையைக் காப்பாத்துனது யாரு? 2013-ல 12 கிராமசபையும் வேண்டாம்னு சொல்லிச்சு, நின்னுது. ஸ்டெர்லைட்டை மூட 2018 மே மாசத் துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் சாக வேண்டி வந்துது. அதே வருஷம் அக்டோபர்ல வேதாந்தா ரிசோர்சஸ் லண்டன் சந்தையை விட்டே போயிட்டு. அந்த ஏஜிஎம் வாசலும் மூடியாச்சு.

தக்கலை_வாத்தியார்:
தூத்துக்குடி பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் பைசாவுக்கு வெளியே ஒன்றுமே நடக்கவில்லை என்பதை ஏற்க முடியாது. 1971-ல் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை, தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறச் சொல்லி ஜெனரல் மோட்டார்ஸில் தீர்மானம் கொண்டுவந்தது. படுதோல்விதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் லியோன் சல்லிவன் என்ற போதகர், அந்தக் கம்பெனியின் இயக்குநராக இருந்துகொண்டே அதை ஆதரித்துப் பேசினார். அங்கே தொடங்கிய பேச்சு பிறகு நிற்கவே இல்லை. 2020-ல் ரியோ டின்டோ ஆஸ்திரேலியாவில் 46,000 ஆண்டுப் பழைமையான ஜூக்கன் குகைகளை இரும்புத் தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. முதலில் போனஸை மட்டும் வெட்டினார்கள். முதலீட்டாளர்கள் விடாமல் நெருக்கியதால் தலைமை நிர்வாகியே போகவேண்டி வந்தது.

கடியபட்டணத்துக்காரன்:
தலைவர் போனாரு, குகை வந்துதா? ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பினது 1986-ல சார். அந்த வருஷம் அமெரிக்க நாடாளுமன்றமே தடைச்சட்டம் போட்டுது, பல்கலைக்கழகமெல்லாம் பங்கை வித்துத் தள்ளிட்டு இருந்த நேரம். உங்க ஓட்டு 15 வருஷம் பேசிட்டு இருந்துது, நெருக்கடி வந்ததும் வண்டி கிளம்பிட்டு.

ஏட்டுக்கணக்கு:
விற்றுவிடுவார்களோ என்ற பயம் கம்பெனிக்கு இல்லாமல் பேச்சுக்கு மதிப்பில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பேச்சே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் சட்டத்தில் உள்ள உண்மையான முட்டுக்கட்டையைச் சொல்கிறேன். பங்குதாரர் தானாக ஒரு தீர்மானத்தை மற்றவர்கள் ஓட்டுக்குச் சுற்றுக்கு விடவேண்டும் என்றால் 10 சதவீத ஓட்டுரிமை கையில் இருக்க வேண்டும். பெரிய கம்பெனியில் அதற்கு எங்கே போவது? அதனால்தான் தண்ணீரும் காற்றும் அஜெண்டாவிலேயே ஏறுவதில்லை. அஜெண்டாவில் கட்டாயம் ஏறுவது இயக்குநர் நியமனம். சுயேச்சை இயக்குநருக்கு (நிறுவனர் தரப்பைச் சேராதவர்) இரண்டாவது தவணை கொடுக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது 75 சதவீதம். சுற்றுச்சூழல் விஷயத்தைக் கவனிக்க வேண்டிய குழுவில் உட்கார்ந்து வாயைத் திறக்காதவருக்கு, ஃபண்டுகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் சேர்ந்து 'வேண்டாம்' போட்டால் சீட்டுக் கிழியும். நிறுவனர் கையில் முக்கால் பங்கு இருக்கிற இடத்தில் இது எடுபடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரப்பர்மரம்:
வேற கம்பெனியோட ஏஜிஎம் ஒண்ணை ஒரு தடவை வீடியோவுல பாத்தேன். பேசறதுக்கு முன்னாடியே பேரு குடுத்து வைக்கணும். பேசினவன்ல பாதிப்பேரு செக்ரட்டரி அம்மா நோட்டீஸ் நேரத்துக்கு அனுப்பினாவன்னு நன்றி சொல்லியே நேரத்தை முடிச்சாச்சு. ஒருத்தன் ஆலைக்கழிவைப் பத்தி ஆரம்பிச்சான், நேரம் முடிஞ்சுதுன்னு மைக்கை அணைச்சிட்டாவ.

இன்னொண்ணு. நம்ம கரையிலேர்ந்து போற இல்மனைட்ங்கிற மணல் கனிமத்துலேர்ந்து எடுக்கதுதானே டைட்டானியம் டை ஆக்சைடு, பெயின்ட்டுக்கு வெள்ளை குடுக்கது? மணல் கம்பெனி சந்தையில இல்லேன்னாலும் பெயின்ட் கம்பெனி எல்லாம் இருக்கே.

ஏட்டுக்கணக்கு:
அருமையான கேள்வி. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 பெரிய கம்பெனிகள் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கையை ஆண்டுதோறும் தரவேண்டும். மூலப்பொருளைப் பொறுப்போடு வாங்குகிறார்களா என்று அதிலேயே கேள்வி இருக்கிறது. 'ஆம்' என்று ஒரு சொல்லில் பதில் எழுதியிருந்தால், எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வியைப் போடலாம்.

தக்கலை_வாத்தியார்:
சரி, ஃபண்ட் நிறுவனத்துக்கு இன்று இரவே மெயில் அனுப்புகிறேன். இப்படி எழுதியிருக்கிறேன்: "உங்கள் திட்டத்தில் உள்ள சுரங்கம், பெயின்ட் கம்பெனிகளின் இயக்குநர் மறுநியமனத்துக்குக் கடந்த ஆண்டு எப்படி ஓட்டுப் போட்டீர்கள்? கடற்கரைக் கனிமங்கள் எங்கிருந்து வாங்கப்படுகின்றன என்று அந்தக் கம்பெனிகளிடம் எப்போதாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது?"

கடியபட்டணத்துக்காரன்:
இது போதாது சார். "மார்ச் 31-க்குள்ள பதில் வராட்டி யூனிட்டை எல்லாம் வித்துருவேன்"னு கடைசியில ஒரு வரி சேருங்க. பதில் வந்தா அப்படியே இங்க போடுங்க, வராட்டி மருமகன் முன்னால வச்சு வித்த ரசீதைப் போடுங்க.

தக்கலை_வாத்தியார்:
தேதியைச் சேர்த்தாயிற்று.